யுத்தத்திற்குப் போன பாட்டனார்

நாஞ்சில் நாட்டின் எழுதப்படாத சரித்திரம்

ஒரு தேசத்தின் சரித்திரம் ராஜாக்களின் வம்சாவளி மட்டும் அன்று. அது குடிமக்களின் சரித்திரமும் ஆகும். இதை மேடைதோறும் சொல்லி வருகிறோம். ஆனால் நம்முடைய சொந்த வீட்டுச் சுவரில் மங்கிப்போய்த் தொங்கும் படத்தில் காக்கி உடுப்புடன் நிற்கும் மனிதர் யார், எந்தப் படையில் சேவித்தார், எந்தக் கடலைத் தாண்டினார் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. "பாட்டா பட்டாளத்தில் இருந்தார்" என்ற ஒரு வாக்கியத்தோடு நாஞ்சில் நாட்டின் எத்தனையோ குடும்பங்களில் யுத்த சரித்திரம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வாக்கியத்திற்கு மேல் என்ன உண்டு என்று பேரன்மார் சிலர் இன்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். இது குடும்பப் பெருமையைப் பற்றிய காரியம் என்று தள்ளிவிடக் கூடாது. நம் ஜனங்களின் உயிரையும் உழைப்பையும் உலக யுத்தங்களில் செலவிட்ட சாம்ராஜ்யம் அதற்குச் சரியான கணக்கு வைக்கவில்லை. பின்னர் வந்த சுதந்திர சர்க்கார்களும் அக்கணக்கைக் கேட்டு வாங்கவில்லை. ஆகவே கணக்கை எழுதும் பொறுப்பு குடும்பங்களின் மேல் விழுந்திருக்கிறது. 1945-ல் பதினெட்டு வயதாயிருந்தவர் இன்று உயிரோடு இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார். கேட்டு எழுத இனி அதிகக் காலம் இல்லை.

போனவர்கள் எத்தனை பேர்

1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் இந்தியர்கள் 13 லட்சம் பேருக்கு மேல் சேவை செய்தனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். 1939-ல் தொடங்கிய யுத்தத்தில் இந்தியப் படையின் தொகை 25 லட்சத்தை எட்டியது. சுமார் 87,000 பேர் உயிர் துறந்தனர். இந்தப் பெருந்தொகைகளை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இவற்றில் தோவாளைத் தாலுகாவின் பங்கு எவ்வளவு, அகஸ்தீஸ்வரத்தின் பங்கு எவ்வளவு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் போனவர் யார் யார் என்று ஊர்தோறும் பெயர் சொல்லும் அச்சிட்ட நூல் ஒன்று நம் கையில் இல்லை.

தென்னாட்டுச் சிப்பாய்களைப் பற்றிய எழுத்து குறைந்து போனதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சேனாதிபதிகள் வீர ஜாதி என்றும் வீரமில்லா ஜாதி என்றும் ஒரு சித்தாந்தத்தைக் கட்டினார்கள். சென்னைப் படைக்குத் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபுவே சென்னைச் சிப்பாயைக் குறைத்துப் பேசியவர்களில் முதல்வர். இச்சித்தாந்தத்தின் பலனாக, முதல் யுத்தத்திற்குப் பிறகு சென்னைக் காலாட் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கிய 63-வது பட்டாளம் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனால் அடையக்கூடிய ஊரின் பெயர் கொண்ட படை ஆப்பிரிக்கக் காட்டில் சண்டையிட்ட செய்தியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆனால் 1941-42-ல் ஆள் தேவைப்பட்டபோது சித்தாந்தம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. சென்னைப் பட்டாளம் மீண்டும் எழுப்பப்பட்டது. வீரம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளையே பர்மா எல்லைக்கு அழைத்தார்கள்.

நாஞ்சில் நாடு ஆயுதம் அறியாத பூமி அன்று. 1741-ல் டச்சுக்காரரைக் குளச்சலில் முறியடித்த படை திருவிதாங்கூர்ப் படை. அந்தச் சண்டையில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூரின் தளபதியான டிலனாய் உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமாகியிருக்கிறார். 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிரிட்டிஷார் தாக்கிப் பிடித்தனர். 1704-ல் பத்மநாபபுரத்தில் அரண்மனைக் காவலுக்கென ஏற்பட்டதாகத் தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் ஒரு படை, இன்று இந்திய ராணுவத்தில் சென்னைப் பட்டாளத்தின் ஒன்பதாவது பிரிவாக விளங்குகிறது. ஆகவே ராஜாவின் படையில் சேர்ந்தவர், பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவர், சிப்பாயாக அன்றிச் சமையலுக்கும் சுமைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போனவர், மலாயாவுக்குப் பிழைக்கப் போய் அங்கே யுத்தத்தில் அகப்பட்டவர் என்று பாட்டனார்மார் பல வழிகளில் போனார்கள். எந்த வழி என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் காகிதம் எங்கே கிடக்கும் என்று தெரியும்.

எல்லையும் ஆண்டும் மாறிய கதை

நாஞ்சில் நாட்டுப் பேரனுக்கு, மதுரைப் பேரனுக்கு இல்லாத ஒரு சங்கடம் உண்டு. பாட்டனார் படையில் சேர்ந்தபோது கன்னியாகுமரி ஜில்லா என்று ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் ஏற்பட்டது. நெடும் போராட்டத்திற்குப் பிறகு 1956 நவம்பர் 1-ந் தேதி இந்த நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. பூமி நம்மிடம் வந்தது. பழைய தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. ஆகையால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று கைவிடுகிறவர் பாதி வழியில் திரும்புகிறவர் ஆவார். திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். பட்டியல்களில் "கன்னியாகுமரி" என்று தேடுவது வீண். "திருவிதாங்கூர்" என்று தேட வேண்டும்.

இரண்டாவது சங்கடம் ஆண்டைப் பற்றியது. நம் வீட்டுப் பெரியவர்கள் கொல்லம் ஆண்டிலேயே நினைவு வைத்திருந்தார்கள். பத்திரங்களும் ஜாதகங்களும் அந்த ஆண்டிலேயே எழுதப்பட்டன. ஆவணி முதல் மார்கழி நடு வரை கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், அதன் பின் ஆடி வரை 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். முதல் யுத்தம் 1089 ஆடியில் தொடங்கி 1094 ஐப்பசியில் நின்றது. இரண்டாவது யுத்தம் 1115 ஆவணியில் மூண்டு 1121 ஆவணியில் முடிந்தது. சிங்கப்பூர் விழுந்தது 1117 மாசியில். "பதினேழாம் ஆண்டு மாசிக்குப் பிறகு கடுதாசி வரவில்லை" என்று ஒரு பாட்டியம்மாள் சொன்னால், அது கிழவியின் மறதிப் பேச்சு அன்று. 1942 பிப்ரவரி 15-ந் தேதியைச் சுட்டிக்காட்டும் சாட்சியம். பாட்டனார் மலாயாவில் இருந்தவர் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு வேண்டுவதில்லை.

மூன்றாவது சங்கடம் குடும்ப முறையைச் சார்ந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி நிலவிய காலத்தில் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் அம்முறையின் கொடுமையை மான்மியமாகவே பாடினார். கொல்லம் 1101-ல் ஏற்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மகனின் உரிமைக்கு வழி செய்தது. அச்சட்டத்திற்கு முன் முதல் யுத்தத்தில் இறந்துபோன ஒருவருடைய பதக்கமும் கடிதமும் மகன் வழிப் பேரனிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. மருமகன் வழியில் வந்த வீட்டில் இருக்கலாம். சர்க்கார் பதிவேட்டிலும் வாரிசு என்று தாயார் பெயரோ சகோதரி பெயரோ காணப்படலாம். தகப்பன் வழியை மட்டும் பற்றிக்கொண்டு போகிறவர் தம் பாட்டனாரைத் தாண்டியே போய்விடுவார்.

வீட்டில் தேட வேண்டியவை

தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். முதல் யுத்தத்துக்கான பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ சிப்பாயின் எண், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் யுத்தத்தில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த பதக்கங்களில் பலவற்றிலும் இவ்விவரம் உண்டு. அந்த எண்ணே திறவுகோல். பெயரை ஆங்கில எழுத்தில் குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தாணு ஒருவகையாகவும் பூதப்பாண்டி பலவகையாகவும் காணப்படும். எண் மட்டும் மாறாது. பதக்கத்தைத் துலக்கி மினுக்குவதற்கு முன் எழுத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். துலக்கத் துலக்க எழுத்துத் தேயும்.

அடுத்தது, படையிலிருந்து விடுதலை செய்தபோது கொடுத்த சிறு புத்தகம். அதில் சேர்ந்த தேதி, சேவித்த இடம், நடத்தை, விடுதலைக்குக் காரணம் ஆகியவை இருக்கும். பென்ஷன் சீட்டு, மணியார்டர் துண்டு, புகைப்படத்தின் பின்புறத்தில் உள்ள கடை முத்திரை, தோளிலுள்ள சின்னம், எல்லாம் சாட்சிகளே. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு சாதனம் உண்டு. மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர் முதலிய மிஷன் ஊர்களிலும் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் வைத்திருப்பது வழக்கம். பிறந்த ஆண்டும் பெற்றோர் பெயரும் நிச்சயமானால், ஒரே பெயருள்ள பத்துச் சிப்பாய்களில் நம்முடையவர் யார் என்று தெரிந்துவிடும்.

எண்ணும் படையும் தெரிந்த பின் அந்தந்தப் படையின் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சென்னைப் பட்டாளத்தின் மையம் நீலகிரியில் வெல்லிங்டனில் இருக்கிறது. சென்னை சாப்பர் படையின் மையம் பெங்களூரில். ஜில்லாவிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழி காட்டக்கூடும். 2005-ல் ஏற்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரணக் குடிமகனுக்கும் கேட்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. கேட்க நாணப்பட வேண்டியதில்லை. கேட்பது பிச்சை அன்று, உரிமை.

சாம்ராஜ்யம் வைத்த கணக்கு

இறந்துபோனவர்களின் விஷயத்தில் சாம்ராஜ்யம் நடந்துகொண்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1917-ல் லண்டனில் யுத்தக் கல்லறைக் கமிஷன் ஒன்று ஏற்பட்டது. பதவி, இனம், மதம் என்ற பேதமின்றி இறந்தவர் அனைவரையும் ஒரே விதமாகக் கௌரவிப்பது அதன் கொள்கை. பிரான்ஸ் தேசத்தில் நூவ் ஷாப்பேல் என்னும் இடத்தில் 1927-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் கொள்கை காப்பாற்றப்பட்டது.

மெஸபொடோமியாவில் என்ன நடந்தது? அங்கே மாண்ட 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக 1929-ல் பாஸ்ராவில் சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷாரின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் வெட்டினார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்கோ பெயர் இல்லை. இன்ன படையில் இத்தனை பேர் என்ற தொகை மட்டுமே. மூட்டைகளை எண்ணுவது போல் மனிதரை எண்ணினார்கள்! பதக்கத்திலும் இப்படியே. முதல் யுத்தத்தின் பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் வார்க்கப்பட்டது. இந்தியத் தொழிற்படையில் மண் சுமந்தவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. உங்கள் வீட்டிலுள்ள பதக்கம் வெண்கலமானால் அதைக் குறைவாக எண்ண வேண்டாம். பாட்டனார் துப்பாக்கி இல்லாமல் யுத்த பூமியில் நின்றவர் என்பதற்கு அது அத்தாட்சியாக இருக்கலாம்.

நூறு ஆண்டு கழிந்த பின், 2021 ஏப்ரலில், அந்தக் கமிஷனே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாகக் கௌரவிக்கப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையில், பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைக்கப்படவில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் யுத்த மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒருவனிடம் கோரும் மன்னிப்பு யாரைச் சேரும்? பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் மன்னிப்புக்கும் பொருள் உண்டு.

இரண்டாம் யுத்தத்தில் நிலைமை சற்றுத் திருந்தியது. ரங்கூனுக்கு அருகே டௌக்கியானிலுள்ள சின்னத்தில் சுமார் 27,000 பெயர்களும், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்களும் இருக்கின்றன. கமிஷனின் பட்டியல்களில் இந்தியச் சிப்பாய் பலருக்குத் தகப்பனார் பெயர், மனைவி பெயர், ஊர் ஆகியவையும் காணப்படும். அவை இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஒரு மாலை நேரம் செலவிட்டால் ஒரு குடும்பத்தின் எண்பது ஆண்டுச் சந்தேகம் தீரலாம்.

நேதாஜியின் படையில்

கிராஞ்சிக் கல்லில் இடம் பெறாத இன்னொரு கூட்டம் உண்டு. சிங்கப்பூர் விழுந்தபோது சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். அவர்களிலிருந்து இந்திய தேசிய ராணுவம் பிறந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அக்டோபர் 21-ந் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்ததும் நம் வாசகர்கள் அறிந்தவை. மலாயாத் தோட்டங்களிலிருந்தும் கடைவீதிகளிலிருந்தும் தமிழர் ஆயிரக்கணக்கில் அப்படையில் சேர்ந்தனர். திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த வக்கம் காதர், அனந்தன் ஆகியோர் வேறு இரு தோழர்களுடன் 1943 செப்டம்பர் 10-ந் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

1945 ஜூலை 8-ந் தேதி சிங்கப்பூர்க் கடற்கரையில் இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்கு நேதாஜி ஞாபகச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் செய்த முதல் காரியங்களில் ஒன்று அதைத் தகர்த்து எறிந்தது. பாஸ்ராவில் பெயரை எழுதாமல் விட்டவர்கள், சிங்கப்பூரில் எழுதிய கல்லையே உடைத்தார்கள். 1995-ல்தான் அவ்விடத்தில் ஒரு குறிப்புக் கல் வைக்கப்பட்டது.

இப்படையில் இருந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே மனிதர் முதலில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் பிறகு தேசிய ராணுவத்திலும் இருந்திருக்கலாம். விடுதலைப் புத்தகத்தில் "நீக்கப்பட்டார்" என்று கண்டால் வெட்கப்பட்டுப் புத்தகத்தை மறைக்க வேண்டாம். 1945-46-ல் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்து, கறுப்பு என்று முத்திரை குத்தியவர்களைச் சம்பளப் பாக்கியும் கொடாமல் வெளியேற்றினார்கள். சாம்ராஜ்யம் கறுப்பு என்று எழுதியது தேசத்துக்குப் பொன்னெழுத்து. ஆனால் 1947-க்குப் பிறகும் அவர்கள் ராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972-ல் தியாகிகள் பென்ஷன் ஏற்பட்டபோது அத்தாட்சி கேட்டார்கள். காட்டில் காகிதம் சுமந்து திரிந்தவர் யார்? தேசிய ராணுவம் சம்பந்தமான 990 கோப்புகள் 1997-ல் டில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றைத் தேடிப் பார்க்கத் தமிழறிந்தவர்கள் போக வேண்டும்.

எந்தப் படையிலும் சேராமல், சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளரையும் மறக்கலாகாது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் இறந்த 12,000-க்கு மேற்பட்ட நேச தேசப் போர்க் கைதிகளுக்குக் கல்லறையும் பெயரும் உண்டு. அவர்களைப் போல் பல மடங்கு மாண்ட ஆசியத் தொழிலாளருக்கோ பெயர்ப் பட்டியலே இல்லை. "மலாயாவுக்குப் போனார், வரவில்லை" என்ற குடும்ப வாக்கு ஒன்றே அவர்களுக்குக் கல்லறை.

வதந்தியும் உண்மையும்

குடும்ப நினைவு பொக்கிஷம். ஆனால் அதில் பித்தளையும் கலந்திருக்கும். இதற்கு நம் நாட்டுப் பெரியவர் ஒருவரின் கதையே போதும். நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் தோன்றித் திருவனந்தபுரத்தில் 1891-ல் பிறந்த செண்பகராமன் பிள்ளையை அறியாதார் இல்லை. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன் கப்பலில் அவர் இருந்தார் என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். 1914-ல் அவர் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நகரில் இந்திய ஆதரவுக் கமிட்டி நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லினில் இருந்தார். எம்டனோ ஜூலை மாதக் கடைசியில் சீனக் கரையிலுள்ள சிங்டாவிலிருந்து புறப்பட்டு அங்கிருந்தே வங்காள விரிகுடாவுக்கு வந்தது. மூண்டுவிட்ட மகா யுத்தத்தின் நடுவே ஐரோப்பாவிலிருந்து அவர் அக்கப்பலில் ஏறியிருக்க வழி ஏது?

இதனால் அவர் பெருமை அணுவளவும் குறையவில்லை. பெர்லினில் இந்தியக் கமிட்டியில் உழைத்ததும், 1934-ல் அந்நிய மண்ணில் மாண்டதும், மனைவி லட்சுமிபாய் அம்மையார் முப்பதாண்டுக்கு மேல் காத்து வைத்த அஸ்தி 1966-ல் இந்தியப் போர்க்கப்பலில் தாய்நாடு திரும்பியதும் உண்மை. இந்த உண்மைக்கு எம்டன் கதை எதற்கு? நம் பாட்டனார்மாருக்கும் இதுவே பிரமாணம். சமையற்காரராகப் போனவரைச் சுபேதாராக்க வேண்டாம். பிரிட்டிஷ் படையில் கடைசி நாள் வரை இருந்தவரை நேதாஜியின் தோழராக்க வேண்டாம். பொய்யால் ஒருவரை உயர்த்தினால், மெய்யாகவே அந்த இடத்தில் நின்றவரின் பங்கைத் திருடியவராவோம்.

கூலிக்குப் போனவர்களா?

இங்கே தேசபக்தர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தபோது அந்நியன் கொடுத்த உடுப்பை மாட்டிக்கொண்டவரை நாம் ஏன் நினைக்க வேண்டும்? அவர்கள் கூலிக்குப் போனவர்கள் அல்லவா?

நியாயமான கேள்விக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். முதல் யுத்தத்தில், 1918-ல், மகாத்மா காந்தியே கேடா ஜில்லாவில் படைக்கு ஆள் சேர்த்தார். உதவிக்குப் பிரதியாகச் சுயாட்சி வரும் என்று தேசம் நம்பியது. வந்தது ரௌலட் சட்டமும் 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலையும். நம்பியவன்மேல் குற்றமில்லை, ஏமாற்றியவன்மேலேயே குற்றம்.

இரண்டாம் யுத்தத்தில் பசி ஆள் சேர்த்தது. 1942-ல் பர்மா விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. வெளியரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம்தான். ஆனால் நெல் விளையும் ஊரில் எல்லார் வீட்டுப் பத்தாயத்திலும் நெல் இருப்பதில்லை. வயலில் அறுத்தவன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு வெந்தது. அந்த வீட்டு வாலிபனுக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்பக்கூடிய வேலை ஒன்று கிடைத்தது. அவன் போனான். அவனைக் கூலி என்று இகழ்வதற்கு முன், அவனுக்கு வேறு கூலி கொடுத்தவர் யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவனைப் போன்று யுத்தத்தில் சேவித்த இளைஞர்களே 1946 பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் கடற்படையில் கலகக்கொடி உயர்த்தினார்கள் என்பதையும் மறக்கலாகாது. உடுப்பு அந்நியனுடையது, உடுப்புக்குள் இருந்த நெஞ்சு நம்முடையது.

ஆகவே பாட்டனாரின் சேவையை ஆராய்வது சாம்ராஜ்யத்துக்கு வாழ்த்துப் பாடுவது ஆகாது. எவன் எதற்காகப் போனான், என்ன கண்டான், என்ன பெற்றான், என்ன இழந்தான் என்று எழுதி வைப்பதே சாம்ராஜ்யத்தின்மேல் நாம் கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய குற்றப் பத்திரிகை.

செய்ய வேண்டியது என்ன

பெயர் எழுதுவது நமக்குப் புதிய வழக்கம் அன்று. ஊர்ப் பசுக்களை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டுப் பெயர் பொறித்தவர்கள் தமிழர்கள். தேனி ஜில்லாப் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்களின் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று அறிஞர்கள் கணிக்கின்றனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு குக்கிராமம் செய்ததை இன்று ஒரு ஜில்லா செய்ய முடியாதா?

பஞ்சாப் வழி காட்டியிருக்கிறது. முதல் யுத்தத்தில் சேவித்த சுமார் 3,20,000 பஞ்சாபியரைக் கிராமவாரியாகக் குறித்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவை 2021-ல் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. எல்லைக்கோடு நடுவே கிடந்தும் இரு பஞ்சாபியரும் அதனால் தம் முன்னோரைக் கண்டுகொள்கிறார்கள். சண்டையில்லாத எல்லைக்கு இருபுறமும் இருக்கும் நமக்கும் கேரளத்தாருக்கும் அது ஏன் கூடாது?

தமிழ்நாட்டு சர்க்காரும் கேரள சர்க்காரும் கூடி, திருவிதாங்கூர் தஸ்தாவேஜுகளில் இரு யுத்தங்களைப் பற்றியவற்றைப் பிரித்தெடுத்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். ராணுவப் பதிவு அலுவலகங்கள் பழைய சேவைப் பட்டியல்களைக் கிழிபட்டுப் போகுமுன் படம் எடுத்து, குடும்பத்தார் கேட்டால் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். தேசிய ராணுவத்தில் இருந்தோரையும், தொழிற்படையில் சுமை சுமந்தோரையும், சயாம் ரயிலில் மாண்டோரையும் ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும்; பதவியை வைத்தோ பக்கத்தை வைத்தோ பேதம் செய்வது பாஸ்ராக் கல்லைத் திரும்ப நடுவதாகும்.

சர்க்கார் அசையும் வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள வாசகசாலையில் ஒரு கெட்டி நோட்டுப் புத்தகம் வைப்பது பெரிய செலவன்று. பெயர், வீட்டுப்பெயர், ஊர், போன ஆண்டு, படை, எண், திரும்பினாரா இல்லையா, சொன்னவர் யார் என்று எட்டுக் கட்டம் போட்டால் போதும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறும் கட்டம் அடுத்தவரைத் தேட வைக்கும். பொய் நிரப்பிய கட்டம் தேடலையே நிறுத்திவிடும். பாட்டிமாரையும் கேளுங்கள். யுத்தத்திற்குப் போனவர் ஆண். அதன் கணக்கை மனத்தில் வைத்திருந்தவள் பெண்.

நாஞ்சில் நாட்டின் இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. சாம்ராஜ்யம் எண்ணாக எழுதிய மனிதனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுங்கள். சுயராஜ்யம் பெற்ற ஜனங்கள் தம் முன்னோருக்குச் செய்ய வேண்டிய கடன்களில் இதைவிட எளியது வேறில்லை. தள்ளிப்போட்டால் பின்னர் செய்யவே முடியாமற் போவதும் இதைப் போல் வேறில்லை.